"கழட்டி விட்டுட்டேன் சார், இனிமே சூடே ஆகாது"

புனேயானாலும் சரி, பூந்தமல்லியானாலும் சரி, வண்டி சூடாகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் கடைசியில் வந்து நிற்கிற வாக்கியம் ஒன்றுதான். இங்கே "தெர்மோஸ்டாட் நிகால் தியா சாப், அப் கரம் நஹி ஹோகா". நம்ம ஊரில் "வால்வைக் கழட்டி விட்டுட்டேன் சார், இனிமே சூடே ஆகாது". தேசிய ஒருமைப்பாடு வேறு எதில் வந்ததோ இல்லையோ, இந்த ஒரு விஷயத்தில் முழுசாக வந்துவிட்டது :-)

மே மாசம் நெருங்குகிறது. நம்மில் பாதிப் பேர் பிள்ளைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவோம். புனேயிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், டிக்கி நிரம்பி வழியும், வெளியே நாற்பது டிகிரி. கிளம்புவதற்கு முன் வண்டியை "ஒரு தடவை காட்டிட்டு" வருவோம். அங்கேதான் வினையே ஆரம்பிக்கிறது. கூலிங் சிஸ்டத்தில் கை வைத்த வண்டி, கை வைக்காத வண்டியை விட ஆபத்தானது. வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்காமலே சாவியைக் கையில் கொடுத்து அனுப்புவது இந்த நாட்டில் வழக்கமாகிப் போயிருக்கிறது. நான் சண்டை போட வந்திருப்பது அந்த வழக்கத்தோடு.

முதலில் அந்த வால்வு சமாச்சாரம். "இது குளிர்நாட்டுக்காரனுக்கு வச்சது சார், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. தலையாட்டாத கஸ்டமரும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் நிற்காது. தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. சூட்டில் மெழுகு உருகி விரியும்போது வால்வு திறக்கும். பெரும்பாலான கார்களில் கூலண்ட் 82-லிருந்து 88 டிகிரிக்குள் வரும்போது திறக்க ஆரம்பிக்கும், அதற்குமேல் சில டிகிரியில் முழுசாகத் திறந்துவிடும். அந்த நம்பரை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். நாக்பூரில் 45 டிகிரி வெயில் அடித்தாலும் அது 82-க்கு எத்தனையோ கீழே. குளிர்நாடோ வெயில்நாடோ, காலையில் ஸ்டார்ட் செய்த எஞ்சின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வரவேண்டும், வந்தபின் அதே சூட்டில் நிற்கவேண்டும். அதற்குத்தான் அது. மலையேற்றத்தில் வண்டி கொதிக்கிற நேரத்தில் நல்ல தெர்மோஸ்டாட் ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும். திறந்திருக்கிற கதவைக் கழற்றி எறிந்து காற்று வாங்குவதில் என்ன லாபம்?

திறக்காமல் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் என்றால் விஷயம் வேறு. அப்போது அதுதான் குற்றவாளி. கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கெட்டிருந்தால் புதுசு போடவேண்டும். வெறுமனே விட்டுவிடுவது ரிப்பேர் ஆகாது.

விட்டால் என்ன ஆகும்? ஹைவேயில் காலியாக ஓடும்போது எஞ்சின் சூடேறாமல் சவசவ என்று கிடக்கும். எஞ்சினின் கம்ப்யூட்டர் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் ஊற்றும். மைலேஜ் விழும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனர் போட்டால் பி0128 என்று காட்டும். தெர்மோஸ்டாட் வைத்திருக்க வேண்டிய சூட்டுக்குக் கூலண்ட் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம் இன்னொரு தட்டு இருக்கும். முன்பக்கம் ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போது, அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். சூட்டைக் குறைக்கத்தான் கழற்றினார்கள், அதனாலேயே சூடு கூடும்!

"அம்பாசடர்ல எல்லாம் கழட்டிட்டுத்தான் சார் ஓட்டினோம்" என்பார்கள். ஓட்டினார்கள்தான். அது கார்புரேட்டர் வண்டி. சோக்கை இழுப்பதும் விடுவதும் டிரைவர் கையில் இருந்தது, கூலண்ட் எத்தனை டிகிரி என்று பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுபோனது. அந்த ஞானத்தை இன்னும் ஏன் நம் வண்டியில் ஊற்றுகிறார்கள்?

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை. வித்தியாசம் எங்கே என்று வவுச்சர் வவுச்சராகத் தேடாமல், சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தூக்கிப்போட்டு, புத்தகத்தை மூடி வீட்டுக்குப் போனால் எப்படியோ, தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது அப்படி. ஃபேனை டைரக்டாகக் கொடுப்பதும் அதே ரகம். ஃபேன் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சென்சார், மோட்டார் இவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. எது என்று தேடாமல் சாவி போட்டதும் ஃபேன் சுற்றுகிற மாதிரி ஒரு ஒயரை இழுத்துவிட்டால் இன்றைக்கு வண்டி போகும். கெட்டுப்போன சென்சார் கெட்டபடியே இருக்கும். தரமில்லாத ஒயர் ஒருநாள் உருகும். அடுத்த மெக்கானிக்குக்கு எதுவுமே புரியாது.

இனி என் வண்டிக் கதை. பெயர்கள் வேண்டாம், தேவையும் இல்லை.

ஒன்பது வருஷத்துப் பெட்ரோல் வண்டி. வாட்டர் பம்ப் ஒழுகியது, டைமிங் பெல்ட்டோடு சேர்த்து மாற்றினார்கள், 7,500 ரூபாய். வேலை செய்தது நம்ம ஊர்க்காரர் ஒருவரின் ஷெட். தமிழ் பேசுவார் என்பதால் இங்கிருக்கிற நம் குடும்பங்கள் பாதி அங்கேதான் போகும். பத்தே நாளில் சாத்தாரா போகும்போது, ஷிர்வல் தாண்டி கம்பாட்கி கணவாய் ஏற்றத்தில் முள் மேலே போனது. ஏ.சி.யை நிறுத்தி, ஓரங்கட்டி, ஆறவைத்துத் திரும்பி வந்தேன். "ரேடியேட்டர் அடைச்சிருக்கும் சார்" என்றார்கள். புது ரேடியேட்டர், 6,800. அடுத்த சனிக்கிழமையே மறுபடி அதே ஏற்றம், அதே சூடு. "அப்ப வால்வுதான்" என்று நான் ஆபீசில் இருக்கும்போதே கழற்றிவிட்டு, ஃபேனையும் டைரக்டாகக் கொடுத்துவிட்டு, போனில் செய்தி சொன்னார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்த மாதிரிதான் இருந்தது. மைலேஜ் மட்டும் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தது. பிறகு மறுபடி கொதித்தது. இந்தத் தடவை தீர்ப்பு: "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு சார், ஹெட்டைக் கழட்டி ஃபேசிங் பண்ணணும், 28,000 ஆகும்."

ஹெட் கேஸ்கெட் போனதா என்று பார்க்க ஹெட்டைக் கழற்றவேண்டியதே இல்லை. ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் வருகிறதா, ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி படிந்திருக்கிறதா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பார்க்கலாம். சந்தேகம் இருந்தால், எஞ்சின் புகை கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறுகிற திரவம் ஒன்று விற்கிறது, அதை வைத்துச் சோதிக்கலாம். எதுவும் செய்யவில்லை. 28,000 என்று மட்டும் சொன்னார்கள்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வேறொரு இடத்துக்குப் போனேன். அறுபது வயதைத் தாண்டிய மராட்டிக்காரர், ஒரே ஒரு உதவியாளர். அவர் முதலில் செய்தது, "நாளைக்குக் காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க, நானே வர்றேன்" என்று சொன்னதுதான். காலையில் வீட்டுக்கே வந்து, சில்லென்று கிடந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்துக் கூலண்ட் பாட்டிலோ வாய்வரை நிறைந்திருந்தது. மூடியைத் திருப்பிக் காட்டினார். புது ரேடியேட்டருக்குப் பழைய மூடியையே போட்டிருந்தார்கள். ரப்பர் வெடித்து, நடுவில் இருக்கிற குட்டி வால்வு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அந்த மூடி வெறும் மூடி அல்ல. அதில் இரண்டு வால்வுகள். ஒன்று, உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், கூலண்ட் கலந்திருந்தால் அதையும் தாண்டும். அழுத்தம் நிற்காவிட்டால் 100-லேயே கொதி. புனே 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 98-லேயே. எஞ்சின் சாதாரணமாக ஓடுவதே 90-க்கு மேல் என்றால், மிச்சம் இருக்கிற இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாவது வால்வு, எஞ்சின் ஆறும்போது பாட்டிலுக்குப் போன தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கும். என் வண்டியில் தண்ணீர் வெளியே போனது, திரும்ப வரவில்லை. பதிலுக்குக் கெட்டுப்போன ரப்பர் வழியாகக் காற்று உள்ளே போனது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக. பாட்டிலை மட்டும் பார்த்தவர்களுக்கு "தண்ணி ஃபுல்லா இருக்கு சார்".

மூடி 250 ரூபாய். புது தெர்மோஸ்டாட் 900. ஃபேன் ஒயரைப் பழையபடி மாற்றி, ஏர் எடுத்து, கையால் பம்ப் அடிக்கிற பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கால்மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. அந்தப் பெரியவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் மராட்டியும் அவர் சிரிக்கிற அளவுக்குத்தான். வண்டியை யாரிடம் விடுவது என்பதற்கு "நம்ம ஆளு" என்பதை முதல் தகுதியாக வைத்திருக்கிறோமே, அதை நாம் எல்லோரும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். பேச வசதி, பேரம் பேசவும் வசதி. பிரஷர் டெஸ்டர் வைத்திருக்கிறாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த ஏர் எடுக்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ரிப்பேருக்குப் பின் வருகிற சூட்டுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று இது. பம்ப், ஹோஸ், ரேடியேட்டர் எதை மாற்றினாலும் பழைய கூலண்டை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுகிறார்கள். ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கும். அது எஞ்சினின் ஹெட்டிலோ ஹீட்டர் குழாயிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். காற்று இருக்கிற இடத்தில் தண்ணீர் இல்லை, அங்கே உலோகம் காயும். சென்சார் அந்தக் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதுகூட முள் ஒழுங்காகக் காட்டாது. ஆகவே முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கிற மாதிரி வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்யவேண்டும். குமிழ் அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். மட்டம் நின்றதும் மூடியைப் போட்டு, தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸும் சுடுகிறதா, ஃபேன் தானாக ஓடித் தானாக நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கவேண்டும். ஹீட்டரில் சூடான காற்று வரவேண்டும். எஞ்சின் சூடாக இருந்தும் ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது தண்ணீர் போதவில்லை. பிறகு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் மட்டம் பார்த்து நிரப்பவேண்டும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் அழுத்தம் தாங்குகிற டப்பா மட்டும் இருக்கிற வண்டிகளில் அந்த டப்பாவின் கோட்டைப் பார்க்கவேண்டும். இதெல்லாம் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள். பாகத்தைப் பூட்டி, பாட்டிலில் ஊற்றி, தெருமுனைவரை ஓட்டிவிட்டு வருவது பாதி வேலை.

சூடு எப்போது வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். சிக்னலில் நிற்கும்போது சூடாகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் தேடவேண்டும். ஊருக்குள் நன்றாக ஓடி, ஹைவேயிலும் ஏற்றத்திலும் சூடானால் தண்ணீர் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் பார்க்கவேண்டும்: அடைத்த ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், மூடி, உறிஞ்சி ஒடுங்குகிற ஹோஸ், கடைசியாகத்தான் ஹெட் கேஸ்கெட். ஆனால் எந்த ஷெட்டிலாவது "எப்போ சூடாகுது?" என்று கேட்டிருக்கிறார்களா? சாவியை வாங்கியதும் ஸ்பேனரைத்தான் தேடுகிறார்கள். ஏ.சி. போட்ட வரவேற்பறையும் காபி மெஷினும் வைத்திருக்கிற பெரிய சர்வீஸ் சென்டர்களும் இதில் ஒன்றும் உசத்தி இல்லை. அங்கே கழற்றி எறிய மாட்டார்கள், மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நம் செலவில். பாகம் விற்றால் டார்கெட் ஏறும், மூடியைத் திருப்பிப் பார்த்தால் என்ன ஏறும்?

தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. போர்வெல் தண்ணீரை ஊற்றவே விடாதீர்கள், உப்புப் படிந்து ரேடியேட்டர் உள்ளேயே அடைக்கும். கலரைப் பார்த்துக் கூலண்ட் வாங்குவதும் தப்பு. பச்சை, சிவப்பு என்பதற்கு எந்தப் பொது விதியும் கிடையாது, வண்டிப் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான். ஒழுகலை அடைக்க மஞ்சள்தூள் போடுகிற வைத்தியம் இன்னும் நடக்கிறது. மஞ்சள் ரசத்துக்கு நல்லது.

மெக்கானிக் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மராட்டிக்காரரிடமே கேட்டேன், ஏன் மற்றவர்கள் இதைச் செய்வதில்லை என்று. சிரித்தார். பம்ப் மாற்றினால் காசு கொடுப்பீர்கள், ஒரு மணி நேரம் வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்று ஃபேனைப் பார்த்தால் யார் கொடுப்பார்கள் என்றார். உண்மைதான். பில்லில் பாகத்தின் விலையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு, லேபர் என்று வந்ததும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற கூட்டம் இது. ஒரு நாள் கூடுதலாக வண்டியை விட மனசு வராது, சாயங்காலமே வேண்டும். அப்படிக் கேட்டால் அப்படித்தான் கிடைக்கும். இந்தக் காரணத்துக்காக நான் அவர்களை மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனால் வழி இதில்தான் இருக்கிறது. டெஸ்டிங்குக்குத் தனியாக ஐந்நூறு ரூபாய் தருகிறேன், ராத்திரி வண்டி இங்கேயே நிற்கட்டும், காலையில் ஆறின எஞ்சினில் என் கண் முன்னால் மூடியைத் திறந்து காட்டு, அப்புறம்தான் டெலிவரி எடுப்பேன் என்று வேலையை விடும்போதே சொல்லுங்கள். முகம் சுளிக்கிற ஷெட்டை அந்த நிமிஷமே தெரிந்துகொள்ளலாம்.

கூடவே ஜாப் கார்டில் என்ன புகார், என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. 2020-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, வேலை எந்த ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. போன லீவில் சேலத்தில் வேலை பார்த்த வண்டிக்கு, இங்கிருந்தே கேட்கலாம். கையில் காகிதம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பி.கு: எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள், துணி சுற்றிக்கொண்டும்கூட. கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முள் ஏற ஆரம்பித்தால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு (குழந்தைகள் கத்தும், பரவாயில்லை), பத்திரமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். சிவப்பு விளக்கு வந்துவிட்டாலோ ஆவி கிளம்பிவிட்டாலோ எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஆற ஒரு மணி நேரமாவது கொடுங்கள். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிற எஞ்சினில் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். அப்புறம் அந்த 28,000 நிஜமாகவே செலவாகும்.